ஊசிப்பைக்குப் பாகம் பிரித்த கதை

கோணக்காட்டுப்பாளையத்து ஆட்களைப் போல சொல் தட்டாதவர்களை எங்கேயும் பார்க்க முடியாது. யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதுதான் சிக்கல். ஒரு பொருள் ரெண்டு பேருக்குப் பொதுவாக வந்துவிட்டால் அன்றைக்கே பாகம் பிரித்துவிடுவது அந்த ஊர் வழக்கம். ஒரு தடவை அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரு குடை வந்தது. துணி அண்ணனுக்கு, கம்பி தம்பிக்கு. மழை வந்தால் ரெண்டு பேரும் நனைவார்கள். ஆனால் ஒரு சண்டை கிடையாது.

அந்த ஊரில் பவுனு என்று ஒருத்தி. அவள் புருஷன் வெள்ளியங்கிரிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. டவுன் ஆஸ்பத்திரி நர்சம்மா ஒரு பையைக் கொடுத்தாள். மருந்துக் குப்பி, ஊசி, சர்க்கரை பார்க்கிற மெஷின், அதில் செருகுகிற பட்டை, மருந்து சூடேறாமல் இருக்க ஒரு டப்பா, கைகால் நடுங்கினால் வாயில் போட ஒரு சர்க்கரைப் பொட்டலம்.

"எங்க போனாலும் இந்தப் பை கூடவே வரணும். ஊசி போடாம இவர் சாப்பிடக் கூடாது. ஊசி போட்டுட்டா சாப்பிடாம இருக்கக் கூடாது. எல்லாத்தையும் இவர் தலையிலயே கட்டிடாதம்மா. புருஷனும் பொண்டாட்டியும் பாதிப் பாதி பொறுப்பு எடுத்துக்குங்க."

பவுனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அண்ணன் ராசாக்குட்டியைக் கூப்பிட்டாள். குடையைப் பிரித்துக் கொடுத்த மகராசன் அவன்தான்.

ராசாக்குட்டி பையைக் கவிழ்த்துப் போட்டு வெகுநேரம் பார்த்தான். "மருந்து பவுனுக்கு. ஊசி மாப்ளைக்கு. மெஷின் மாப்ளைக்கு. பட்டை பவுனுக்கு. டப்பா மாப்ளைக்கு. மூடி பவுனுக்கு."

"சர்க்கரைப் பொட்டலம் மச்சான்?" என்றான் வெள்ளியங்கிரி.

"சர்க்கரை அவளுக்கு. பொட்டலம் உங்களுக்கு."

பவுனு சர்க்கரையை முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டாள். வெள்ளியங்கிரி காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணா, விரல்ல குத்திச் சர்க்கரை பாக்கோணுமே. அதுல எனக்கென்ன பங்கு?"

ராசாக்குட்டி கண்ணை மூடி யோசித்தான். "விரல் மாப்ளையோடது. அதை மாத்த முடியாது. வலிச்சா கத்தோணுமில்ல, அதை நீ எடுத்துக்க."

அன்றிலிருந்து அவன் குத்திக்கொள்வான், அவள் "ஐயோ" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரெண்டு நாள் ஓடி வந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

இப்படி இருக்கையில் வெள்ளியங்கிரியின் அக்கா பொன்னாத்தா மகளுக்குக் கல்யாணம் வந்தது. பொன்னாத்தா தம்பியைக் கூப்பிட்டு, "டேய், தாய்மாமன் நீ. முதல் பந்தியில உக்காந்து நீ சோத்துல கை வெச்சாத்தான் சம்பந்தி வீட்டுக்காரங்க கை வெப்பாங்க. உக்காந்தா நீயும் சரி, பவுனும் சரி, சாப்பிட்டு முடிக்காம எந்திரிக்கப்படாது. போட்ட இலையை நகத்தப்படாது. என் மானம் உன் கையில" என்று கும்பிடாத குறையாகச் சொன்னாள்.

காலையில் பஸ் ஏறினார்கள். அவள் முன்பக்கம் பெண்கள் சீட்டில், அவன் பின்பக்கம். அவன் திறந்த டப்பாவை மடியில் வைத்திருந்தான். அவள் வெயில் படாமல் மூடியைக் குடைபோல மருந்துக்குப் பிடித்திருந்தாள். கண்டக்டர், "ஏம்மா, மூடியை டப்பாமேல போடக் கூடாதா?" என்று கேட்டார். "அது அவரு பாகமுங்க" என்றாள் பவுனு. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள். வெள்ளியங்கிரியைக் கூடத்தின் கிழக்கு ஓரத்தில் ஆண்கள் பந்தியில் உட்கார வைத்தார்கள். பவுனை மேற்கு ஓரத்தில் பெண்கள் பந்தியில். நீளமான பந்திப்பாய், முன்னால் தரையில் வாழையிலை. சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, நெய்யும் விழுந்தது. வெள்ளியங்கிரி கையை நீட்டினான். அப்படியே நிறுத்தினான்.

"மச்சான்! ஊசி!"

கூடமே அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டார் ஒருவரும் இலையைத் தொடவில்லை. பொன்னாத்தா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ராசாக்குட்டி மேற்கே ஓடினான். "பவுனு, மருந்தைக் குடு!"

"அதெப்படி குடுக்கறது? என் பாகத்தை உங்க கையில குடுத்தா நான் பொறுப்பைத் தட்டிக் கழிச்ச மாதிரி ஆயிருமே அண்ணா. அவரை ஊசி குடுத்துவிடச் சொல்லுங்க."

கிழக்கே ஓடினான். "நானும் அவளுக்கு இளைச்சவனா மச்சான்? என் பாகத்தை நான் விடமாட்டேன்" என்றான் வெள்ளியங்கிரி.

"அப்ப ரெண்டு பேரும் எந்திரிச்சு வாங்க!"

"எந்திரிக்கப்படாதுன்னு அக்கா சொல்லிருக்குது."

பவுனு கிழக்கே எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து பட்டினி கிடக்கிற மனுசன். அங்கே அவன் கை லேசாக நடுங்குகிற மாதிரிகூடத் தெரிந்தது. "அண்ணா, எதாச்சும் பண்ணுங்க!" என்று கத்தினாள்.

ராசாக்குட்டி தாடையைத் தடவினான். "ஆளு எந்திரிக்கப்படாது. இலை நகரப்படாது. பாயைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

சொல்லவில்லைதான்.

பாதிப் பாதி பொறுப்பு அல்லவா? பாதித் தூரம் ஆண்கள் பாய், பாதித் தூரம் பெண்கள் பாய் என்று முடிவானது. கோணக்காட்டுப்பாளையத்து ஆட்கள் ரெண்டு பாயையும் பிடித்து இழுத்தார்கள். வெள்ளியங்கிரியோடு சம்பந்தி வீட்டு ஆண்கள் வரிசையாகச் சறுக்கிக்கொண்டு வந்தார்கள். எதிரே பெண்கள் வரிசையும் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியை ஒரு கையாலும் மூக்குக் கண்ணாடியை மறு கையாலும் பிடித்தபடி வந்தார். நட்டநடுக் கூடத்தில் ரெண்டு பாயும் முட்டி நின்றன.

வெள்ளியங்கிரி விரலில் குத்தினான். பவுனு "ஐயோ" என்றாள். மெஷின் ஒரு எண்ணைக் காட்டியது. அவன் ஊசியைப் பிடித்தான், அவள் மருந்தைப் பிடித்தாள், நர்சம்மா சொன்ன அளவுக்கு ஏற்றி, அவன் குத்த அவள் அமுக்கினாள். முடிந்தது.

"இனி சாப்பிடாம இருக்கக் கூடாது" என்றான் வெள்ளியங்கிரி சந்தோஷமாக. குனிந்து பார்த்தான். முன்னால் இலை இல்லை. இலை கிழக்கே கிடந்தது.

பாய் இழுத்தவர்கள் இளைப்பாறி எழுவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிட்டது. இப்போது நிஜமாகவே கை நடுங்கியது. நெற்றி வேர்த்தது. பவுனு பதறி முந்தானையை அவிழ்த்தாள். அவன் முறைப்படி காகிதத்தை விரித்துப் பிடிக்க, அவள் முறைப்படி சர்க்கரையைக் கொட்ட, ரெண்டும் சேர்ந்து பொட்டலமாகி அவன் வாய்க்குள் போனது. காகிதத்தைத் துப்பினான். கண்ணில் வெளிச்சம் வந்தது.

"இழுங்கடா திருப்பி!" என்றான் ராசாக்குட்டி.

ஆண்கள் பாய் மறுபடி கிழக்கே பறந்தது, பெண்கள் பாய் மேற்கே பறந்தது. போய் நின்ற வேகத்திலேயே வெள்ளியங்கிரி சோற்றில் கை வைத்தான். பொன்னாத்தா மூச்சு விட்டாள். சம்பந்தி வீட்டாரும் கை வைத்தார்கள். பவுனு தன் இலை முன்னால் உட்கார்ந்தபடி, புருஷன் ரசத்துக்குச் சோறு கேட்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அப்புறம்தான் பசித்தது.

ரெண்டாம் பந்தி உட்கார்ந்தது. இலை போட்டு, எல்லாம் பரிமாறி அரை மணி ஆயிற்று. ஒருவரும் சாப்பிடவில்லை. எல்லாரும் பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பொன்னாத்தா பதறிப்போய், "என்ன குறைங்க?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "முதல் பந்திக்குப் பண்ணின சீரு எங்களுக்குக் கிடையாதுங்களா? எங்களை எப்ப இழுப்பீங்க?"

ராசாக்குட்டி ரொம்ப யோசித்துத்தான் தீர்ப்புச் சொன்னான். "ஊசி எங்க மாப்ளைக்கு மட்டும்தானுங்க. இழுவை வேணா எல்லாத்துக்கும் உண்டு."

சாயங்காலம் வரைக்கும் இழுத்தார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ரெண்டு தடவை இழுத்தார்கள். அன்றைக்கு இழுபடாமல் சாப்பிட்டது சமையல்காரர் மட்டும்தான். "வேலை செய்யறவன்னு என்னை ஒதுக்கிட்டீங்களே" என்று அவர் இன்னும் கோணக்காட்டுப்பாளையத்தாரோடு பேசுவதில்லை.