அகலத் துளையும் ஆடிக் காற்றும்

உடுமலைக்குப் பக்கத்தில், காற்றாலைகள் சுற்றும் வெட்டவெளியில் ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம் இருந்தது. அங்கே குரு ரெஜினாள், முப்பது வயதுக்காரி. சீடர் நாச்சிமுத்து, ஐம்பதைத் தாண்டியவர், தேங்காய் நார் மில் நடத்துகிறவர். வயது வித்தியாசத்தில் சீடருக்கு ஒரு வெட்கமும் இல்லை. குருவுக்குத்தான் அவரை அதட்ட வாய் வராது.

மார்கழியில் போட்டி. குறி வைத்துச் சுட வேண்டிய அட்டை அறுநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும். ஏற்கெனவே இரண்டு முறை தேறாமல் திரும்பியவர் நாச்சிமுத்து.

"உங்களுக்குக் கிளம்பறப்ப இருக்கற வேகம் போய்ச் சேர்றப்ப இருக்கறதில்லீங்க," என்று மனைவி தெய்வானை சொல்லிவிட்டாள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மனுஷனுக்கு அது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

துப்பாக்கியின் பழைய பேரல், அதாவது குண்டு பாயும் குழல், தேய்ந்துவிட்டது. புதுசு மாட்டினால் அதோடுதான் போட்டிக்குப் போக வேண்டும். குழலுக்குள் எவ்வளவு அகலத் துளை வேண்டும் என்று சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் கோயமுத்தூர் பேரல்காரர்.

"மேடம், தோட்டாக் கூடு அதேதானுங்க. வெடிமருந்தும் அதே அளவு. குண்டோட அகலம்தான் துளைக்கேத்த மாதிரி மாறும், எடை ஒண்ணுதான். துளை குறுகலா இருந்தா வேகமா, அகலமா இருந்தா வேகமா?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"குறுகல்தானுங்க. ஓஸ் வாயை விரலால அமுக்கினா தண்ணி சீறிட்டுப் போகுதுங்களே."

ரெஜினாள் உள்ளே போய் வாட்ச்மேனின் சைக்கிளையும் ஒரு கறுப்புக் குடையையும் எடுத்துவந்தாள். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏறுங்கண்ணா. காத்து முதுகுல படணும். மிதிக்கக் கூடாது. குடை மடக்கியே இருக்கட்டும்."

நாச்சிமுத்து ஏறினார். சைக்கிள் எருமை மாதிரி நகர்ந்தது.

"இப்ப விரிங்க."

விரித்தார். அவ்வளவுதான். சைக்கிள் பிய்த்துக்கொண்டு ஓடியது. "ஐயோ, மேடம்!" என்று கத்தினார். அது பயத்தில் கத்தியது இல்லை. நார் மில் முதலாளி சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டே வேப்பமரம் வரைக்கும் போய் நின்றார்.

"அகலம்தானுங்க!" என்று அங்கிருந்தே கூவினார். "காத்து தள்ளறதுக்கு எடம் நிறைய இருக்குது. மருந்துப் புகையும் இப்படித்தானுங்களே குண்டோட முதுகைத் தள்ளும்?"

"இப்படியேதான்."

"தோட்டாப் பெட்டியிலயும் அப்படித்தாங்க போட்டிருந்துச்சு. அகலத் துளைக்கு வேகம் அதிகம்னு. நான்தான் அச்சுப் பிழைன்னு விட்டுட்டேன்." கை அதற்குள் செல்போனைத் தேடியது.

"போன் அப்புறம் பண்ணலாம். சைக்கிளைத் திருப்பிட்டு வாங்க. இப்ப மிதிக்கலாம்."

திருப்பினார். குடை அப்படியே விரிந்திருந்தது. மிதித்தார். நகரவில்லை. எழுந்து நின்று மிதித்தார். வந்த வழியில் கால்வாசி தூரம் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. குடை அவரைப் பின்னாலேயே இழுத்தது.

"குடையை மடக்கிக்கட்டுங்களா?"

"குண்டு மடக்கிக்குமா?"

நாச்சிமுத்து இறங்கிவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு குடையைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் தள்ளியது எதுவோ, அதுவேதான் இப்போது முகத்துக்கு முன்னால் நின்று மறிக்கிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவளிடம் வந்து சேர்ந்தார்.

"அப்ப குறுகலான குண்டு மெதுவாக் கிளம்பும். ஆனா வழியில காத்து அதைக் கம்மியாத்தான் மறிக்கும்." நெஞ்சுக்குள் கிடந்த கல் அசைந்தது. "எனக்கு ஒண்ணும் ஓடலீங்க மேடம். எதுதாங்க வேகம்?"

செல்போன் அடித்தது. பேரல்காரர்தான். நாச்சிமுத்து எடுக்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார்.

ரெஜினாள் குடையை வாங்கி மடக்கினாள்.

"பெட்டியில போட்டிருக்கற வேகம் பேரல் வாயில அளந்ததுங்கண்ணா," என்றாள். "உங்க அட்டை எங்க நிக்குது?"