வைரக்கண்ணுவின் சோதனைக் கல்யாணம்

புளிச்சங்குடிக்காரர்களுக்குப் புத்தி மட்டு என்று சொல்கிறவர்கள் அந்த ஊருக்குப் போயிருக்க மாட்டார்கள். போய் வந்தவர்கள் அப்படியெல்லாம் சொல்வதில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்த ஊரில் சொந்தமாக ஒரு கிரிப்டோ காசு ஓடுகிறது. பெயர் புளியங்காசு. திருச்சியிலிருந்து காஞ்சனமாலா என்ற இன்ஜினியர் வந்து, நான்கு வீட்டில் நான்கு கம்ப்யூட்டரை வைத்து, ஒன்றோடு ஒன்றை இணைத்துவிட்டுப் போனார். யார் யாருக்குக் காசு அனுப்பினாலும் நான்கும் ஒரே மாதிரி எழுதிக்கொள்ளும். ஒன்று பொய் சொன்னால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். டீக்கடை, சலூன், மாவு மில் எல்லா இடத்திலும் போனிலேயே புளியங்காசுதான். இரண்டு வருஷமாக நெட்வொர்க் ஒரு நாள்கூட நின்றதில்லை. யாரும் அதைத் தொடாததுதான் காரணம்.

அந்த நான்கு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் சித்திரவேலு, எதையும் இரண்டு தடவை யோசித்து, இரண்டு தடவையும் தப்பாக முடிவெடுப்பவர். செம்பாயி அக்கா கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும், நடப்பதையெல்லாம் எழுதிவிடுவார். அடைக்கலம் சொன்ன வேலையைச் செய்வான், சொல்லாத வேலையையும் செய்வான். நான்காவது ஆள்தான் நம்ம வைரக்கண்ணு.

வைரக்கண்ணுவுக்கு வயது முப்பத்தாறு. பதினோரு வீட்டில் பெண் பார்த்து, பதினோரு வீட்டிலும் பஜ்ஜி தின்றதோடு சரி. பன்னிரண்டாவதாகப் பார்த்த இளஞ்சியம், அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, ஆனா ஒரு கண்டிஷன்" என்றாள். அவள் அக்கா கல்யாணத்தில் மொய் நோட்டு ரச வாளியில் விழுந்துவிட்டது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது ரசத்தோடு போயிற்று. அதில் பிரிந்த சொந்தம் ஒன்பது வருஷமாக இன்னும் கூடவில்லை.

"மொய் எல்லாம் புளியங்காசுல, போன்லயே வரணும். ஒரு பேர் தப்பினாலும் நான் மணவறையைவிட்டு எந்திரிச்சுப் போயிருவேன்" என்றாள்.

வைரக்கண்ணுவுக்கு அன்றைக்கே காய்ச்சல் வந்துவிட்டது. புளியங்காசில் மொய் எழுதும் வசதி கிடையாது. கல்யாணமோ தை மாசம் முதல் வெள்ளிக்கிழமை. இந்தப் பெண்ணும் போனால் தனக்கு இனி பஜ்ஜிகூட யாரும் தரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

சங்கம் காஞ்சனமாலாவுக்குப் போன் போட்டது. அவர் பத்தே நாளில் மொய் வசதியை எழுதி அனுப்பிவிட்டு, போனில் பொறுமையாகச் சொன்னார்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்கங்க. புதுசா எதையும் நேரா நிஜத்துல ஏத்தக் கூடாது. நிஜம் மாதிரியே அச்சு அசலா இன்னொண்ணு செஞ்சு, அதுல சோதிக்கணும். சோதனைக் காசுக்கு எந்த மதிப்பும் இருக்கக் கூடாது. நிஜத்துல எப்படிப் பயன்படுத்துவாங்களோ அப்படியே பயன்படுத்தணும். வேணும்னே தப்புத் தப்பாவும் செஞ்சு பாக்கணும். சோதிக்காத ஒண்ணுகூட நிஜத்துக்குள்ள போயிரக் கூடாது. சோதனை நல்லா நடந்தாலும் உடனே தாவிராதீங்க, கொஞ்ச காலம் ஓட விட்டுக் கவனிங்க. எது நல்லா ஓடுதோ அதை ஏத்திக்கலாம்."

செம்பாயி அக்கா ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். கெட்டதும் அங்கேதான் ஆரம்பித்தது.

அச்சு அசலாக வேண்டுமே என்று நான்கு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். வைரக்கண்ணு வீட்டுக் கம்ப்யூட்டரில் மூலையில் ஒரு விரிசல் உண்டு. அதனால் புதிதாக வாங்கியதையும் அடைக்கலம் அம்மிக்குழவியால் மெதுவாகத் தட்டி விரிசல் வைத்தான். அது வரைக்கும் சுலபமாகத்தான் போயிற்று. அடைக்கலம் வீட்டுக் கம்ப்யூட்டர் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சூடு கிடைக்கிறதென்று இரண்டு வருஷமாக அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது.

"கோழி நெட்வொர்க்ல சேர்த்தியா இல்லையா?" என்று கேட்டார் தலைவர்.

"ரெண்டு வருஷமா நெட்வொர்க் நிக்கலை. ரெண்டு வருஷமா கோழியும் எந்திரிக்கலை" என்றார் செம்பாயி அக்கா.

"அப்ப சேர்த்திதான்."

சோதனைக் கம்ப்யூட்டருக்கு ஒரு கோழி கொண்டுவந்தார்கள். அது உட்கார மறுத்தது. வைரக்கண்ணு மூன்று நாள் அதைக் கையால் அமுக்கிப் பிடித்து உட்கார வைத்தான். கல்யாணமாயிற்றே, கொத்தினால் கொத்தட்டும் என்று பொறுத்துக்கொண்டான்.

அடுத்தது சோதனைக் காசு. மதிப்பு இல்லை என்று உறுதி செய்ய நான்கு பேரும் மாரியின் டீக்கடைக்குப் போய் நான்கு டீ குடித்துவிட்டு, சோதனைக் காசை அனுப்பினார்கள். மாரி நல்ல மனுஷன். "வச்சுக்கங்கண்ணே, கல்யாண மாப்பிள்ளை, காசு எதுக்கு?" என்றான்.

தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "போச்சு! சோதனைக் காசைக் குடுத்தோம், டீ கிடைச்சிருச்சு. மதிப்பு வந்துருச்சு!"

"மாரி, எங்களை அடிச்சு விரட்டுப்பா" என்று வைரக்கண்ணு கையைப் பிடித்துக் கெஞ்சினான். மாரி சிரித்துக்கொண்டே பிஸ்கட் எடுத்து நீட்டினான். மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. ஆறாவது டீயில்தான் மாரிக்கு நிஜமாகவே கோபம் வந்து, கரண்டியை ஓங்கினான். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, சந்தோஷமாக ஓடிவந்தார்கள்.

நிஜத்தில் எப்படியோ அப்படியே பயன்படுத்த வேண்டும் என்றால், மொய் எழுத ஒரு கல்யாணம் வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு எதிர்த்த பொட்டலில் அதே அளவுக்குப் பந்தல் போட்டார்கள். மண்டபத்தில் மூன்றாவது ஃபேன் ஓடாது. பந்தலிலும் ஓடாத ஃபேன் ஒன்று தேடிப் பிடித்து மாட்டினார்கள். வியாழக்கிழமை காலை சோதனைக் கல்யாணம், வெள்ளிக்கிழமை காலை நிஜக் கல்யாணம் என்று முடிவாயிற்று.

"நானே உக்காந்துக்கறேன்" என்றான் வைரக்கண்ணு, ஆசையாக.

"நிஜ மாப்பிள்ளையைச் சோதனையில வச்சு உடைச்சுட்டா வெள்ளிக்கிழமைக்கு யாரு இருக்கா?" என்றார் தலைவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அடைக்கலம் மாப்பிள்ளை ஆனான். பெண்ணுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தோஷத்துக்கு வாழைமரத்துக்குத் தாலி கட்டுவது உண்டே என்று, அடைக்கலம் கொல்லையிலிருந்து ஒரு வாழையை வேரோடு தோண்டிவந்து, பட்டுப்புடவை சுற்றி மணவறையில் நட்டார்கள். செம்பாயி அக்கா தள்ளி நின்று பார்த்து, "உயரம் சரியா இருக்கு. நெறம்தான் கொஞ்சம் பச்சை" என்று எழுதிக்கொண்டார்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. ஊரே வந்து சோதனைக் காசில் மொய் அனுப்பியது. வேண்டுமென்றே தப்புச் செய்ய வேண்டும் என்பதால், நூற்றியொரு காசு போட வேண்டியவர் நூற்றியொன்றைப் பத்துத் தடவை போட்டார். இல்லாத சித்தப்பா பெயரில் ஒருவர் போட்டார். மூன்று பேர் மரியாதை போதவில்லை என்று முறுக்கிக்கொண்டு பந்தலைவிட்டு வெளியே போய், போன வேகத்தில் சாப்பிட வந்தார்கள். இளஞ்சியத்தின் பயத்தையும் விடவில்லை. ஒரு வாளி ரசத்தைத் தூக்கிச் சோதனைக் கம்ப்யூட்டர் மேலேயே கொட்டினார்கள். கோழி நனைந்தது. மொய்யில் ஒரு பெயர் தப்பவில்லை. வைரக்கண்ணுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. விடிந்தால் கல்யாணம்!

அப்போது செம்பாயி அக்கா நோட்டைப் புரட்டினார். "சோதிக்காத ஒண்ணுகூட நிஜத்துக்குள்ள போயிரக் கூடாதுன்னு எழுதியிருக்கு. காசு சோதிச்சாச்சு. ரசம் சோதிச்சாச்சு. மாப்பிள்ளை அடைக்கலம், சோதிச்சாச்சு. வாழை, சோதிச்சாச்சு." கண்ணாடியை இறக்கி வைரக்கண்ணுவைப் பார்த்தார். "இவனைச் சோதிக்கவே இல்லையே?"

வைரக்கண்ணு தன்னைத்தானே குனிந்து பார்த்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணையும் சோதிக்கலை" என்றான் அடைக்கலம், வாழைக்கு விசிறிக்கொண்டே.

"அடைக்கலம், நாளைக்கு மண்டபத்துல நீயும் வாழையும்தான் உக்காரணும் போலிருக்கு" என்றார் தலைவர், மிகுந்த வருத்தத்தோடு. "வைரக்கண்ணு, தப்பா நினைச்சுக்காதப்பா. விதின்னா விதிதான்." வைரக்கண்ணு தப்பாக நினைக்கவில்லை. அழுதான், அவ்வளவுதான். விதி சரியாக இருக்கிறதே, அதுதான் அவனுக்கு இன்னும் அழுகையைத் தந்தது.

வெள்ளிக்கிழமை காலை இளஞ்சியம் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மண்டபம் பூட்டியிருந்தது. உடனே தாவக் கூடாது என்று நோட்டில் இருந்ததால், அடைக்கலத்தின் நிஜக் கல்யாணத்தையும் தள்ளிவைத்திருந்தார்கள். தலைவர் வாசலில் குறுக்கே நின்று, கைகூப்பி, "சோதிக்காத பொண்ணை உள்ள விட முடியாதும்மா" என்றார்.

இளஞ்சியத்தின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அவள் அவரைக் கையமர்த்தினாள்.

"சோதிக்கணும்னா என்ன பண்ணணும்?"

"எதிர்த்தாப்புல சோதனைப் பந்தல் இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து, ஐயர் மந்திரம் சொல்லி, தாலி கட்டி, மொய் எழுதிப் பாக்கணும். எல்லாம் சரியா நடந்தா, அப்புறம் நிஜம்."

இளஞ்சியம் பந்தலைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்ணோடு நிற்கிற வைரக்கண்ணுவைப் பார்த்தாள். "முகூர்த்தம் போகுது. கட்டுங்க" என்று விறுவிறுவென்று போய் உட்கார்ந்துவிட்டாள்.

வைரக்கண்ணு மூன்று முடிச்சும் போட்டான். மேளம் கொட்டியது, அட்சதை விழுந்தது, மொய்யும் ஒரு பெயர் தப்பாமல் வந்தது. இருபதாயிரம் சோதனைக் காசு. அதைக் கொண்டுபோனால் மாரி கரண்டியை ஓங்குவான். "சோதனை நல்லபடியா முடிஞ்சுது மாமா, நிஜக் கல்யாணத்துக்கு அவசியம் வந்துருங்க" என்று மாப்பிள்ளையே வாசலில் நின்று மாமனாரை வழியனுப்பினான். அவர் துண்டை இன்னொரு தடவை உதறிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

கொஞ்ச காலம் ஓட விட்டுக் கவனிக்க வேண்டும் அல்லவா? ஓட விட்டார்கள். வைரக்கண்ணுவும் இளஞ்சியமும் ஒரே வீட்டில் சோதனையாகக் குடித்தனம் நடத்தினார்கள். செம்பாயி அக்கா ஞாயிறு தவறாமல் வந்து, "ஏதாவது பிழை வருதாம்மா?" என்று கேட்பார். "குறட்டை" என்பாள் இளஞ்சியம். அக்கா எழுதிக்கொள்வார். அங்கிருந்து அடைக்கலம் வீட்டுக்குப் போவார். கொல்லையில் திரும்ப நட்ட வாழைக்கு அவன் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி, பேசிக்கொண்டிருப்பான். "பிழை ஏதும் உண்டா?" "ஒண்ணும் இல்லக்கா. தங்கமான குணம்."

வைரக்கண்ணுவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இவ்வளவு நல்ல பெண்சாதி, எல்லாம் சோதனையில் வந்ததாயிற்றே, ஒருநாள் அழித்துவிட்டால் என்ன செய்வது என்று உருகுவான். பத்து மாதம் போனது. இளஞ்சியத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதே வாரம் அடைக்கலத்தின் வாழையும் குலை தள்ளி நூற்றிப் பன்னிரண்டு காய் பிடித்தது. அவன் ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தான்.

இதற்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று தலைவர் காஞ்சனமாலாவுக்குப் போன் போட்டார். வைரக்கண்ணு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

"மேடம், ரெண்டு சோதனையும் பத்து மாசம் ஓடியாச்சு. ரெண்டும் நல்லா இருக்கு. எதை நிஜத்துல ஏத்தறது?"

"ரிசல்ட் சொல்லுங்கண்ணே."

"முதல் சோதனையில நூத்திப் பன்னெண்டு வந்திருக்கு. ரெண்டாவதுல ஒண்ணே ஒண்ணுதான்."

"அதுவும் ராவும் பகலும் கத்துது" என்று எடுத்துக்கொடுத்தார் செம்பாயி அக்கா.

"இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? நூத்திப் பன்னெண்டு வந்ததையே ஏத்திருங்க!" என்று வாழ்த்தும் சொல்லிவிட்டு காஞ்சனமாலா போனை வைத்தார்.

வந்த முதல் முகூர்த்தத்திலேயே மண்டபத்தைத் திறந்து, அடைக்கலத்துக்கும் வாழைக்கும் நிஜக் கல்யாணம் நடந்தது. மொய் அத்தனையும் நிஜப் புளியங்காசு, ஒரு பெயர் தப்பவில்லை. வைரக்கண்ணு பந்தியில் முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஐம்பத்தொரு காசு மொய் அனுப்பிவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"ஏன் இளஞ்சியம், நமக்கு எப்பத்தான் நிஜக் கல்யாணம்?"

"முதல்ல நீங்களும் குலை தள்ளுங்க, அப்புறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அவள் பாயசம் ஊற்றுகிற பக்கம் இலையை நகர்த்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வைரக்கண்ணு காலையிலும் சாயங்காலமும் கொல்லையில் கணுக்கால் வரை சேற்றில் காலைப் புதைத்துக்கொண்டு நிற்கிறான். அடைக்கலம் வந்து அளவாகத் தண்ணீர் ஊற்றி, வாரம் ஒரு கூடை சாணம் போட்டுவிட்டுப் போகிறான். குலை இன்னும் தள்ளவில்லை. ஆனால் ஆள் அரை விரல் வளர்ந்திருப்பதாக செம்பாயி அக்கா நோட்டில் எழுதியிருக்கிறார்.