வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

"டீச்சர், நான் தோத்துட்டேன்!"

வாசலிலேயே கத்திக்கொண்டு வந்தார் சடையப்பன். பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்துக்காரர். தலை பாதி நரைத்தவர். ஜெசிந்தா டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் சட்டம் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். அதனால் சடையப்பனுக்கு அவர்தான் குரு.

"யாருகிட்ட தோத்தீங்க அண்ணே?"

"புதுச் சட்டம் எழுத அரசாங்கம் போட்ட குழுகிட்ட. நாம கேட்கிறது என்ன? சட்டை விற்கிற கம்பெனி, அந்தச் சட்டைக்கு நூல் நூற்கிற பிள்ளைங்களுக்கும் பதில் சொல்லணும். ஆலையில அவங்களை அடிமையா வெச்சிருந்தா, கம்பெனியும் கோர்ட்டுல நிக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அதுக்கு ஒத்துக்கிட்டாங்க. ஆனா விடுதியில பூட்டி வைக்கிறதை அடிமைத்தனத்துல சேர்க்க மாட்டாங்களாம்! நாம எழுதிக் கொடுத்ததுல அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்றாங்க. உள்ளே ஃபேன் இருக்காம், டி.வி. இருக்காம், முட்டை போடுறாங்களாம். பாதுகாப்புக்குத்தான் பூட்டுறாங்களாம்!"

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"என் அக்கா மக பூங்கொடி அப்படியொரு ஆலை விடுதியிலதான் இருக்கா. அக்கா ஆஸ்பத்திரியில கிடக்கா. பெத்தவளைப் பார்க்க விடமாட்டேங்கிறாங்க டீச்சர்! இன்னிக்கு மத்தியானம் கடைசி விசாரணை. என்ன பேசினா இவங்க மண்டையில ஏறும்?"

டீச்சர் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஃபேனை வேகமாக வைத்தார். வெளியே போனார்.

டக்.

சடையப்பன் காபியைக் குடித்தார். மணி பார்த்தார். கதவை இழுத்தார். வரவில்லை.

"டீச்சர்! தாழ்ப்பாள் விழுந்திருச்சு!"

"விழலை அண்ணே. நான்தான் போட்டேன்."

"ஐயோ, விசாரணைக்கு நேரமாச்சு!"

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுது, அது கிடக்கட்டும்..."

"காபி நல்லாயிருந்துச்சா?"

"விளையாடாதீங்க டீச்சர்! திறங்க!"

"வெளிய லாரியா போகுது. உங்க பாதுகாப்புக்குத்தான்."

கதவை அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது.

பிறகு ஒரு சிரிப்பு. தெருவுக்கே கேட்கிற சிரிப்பு.

டீச்சர் திறந்தார். மனுஷன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். ஓட்டம் என்றால் அப்படியொரு ஓட்டம்!

அரசு விருந்தினர் மாளிகையில் விசாரணை. ஆலை முதலாளிகள் சங்கத்துக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

"வயசுப் பிள்ளைங்க. வெளிய விட்டா யாருங்க பொறுப்பு? அவங்களுக்கு வேண்டிய எல்லா வசதியும் உள்ளேயே இருக்கு."

சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

குழுத் தலைவர் சடையப்பனைப் பார்த்தார். "உங்க பதில்?"

சடையப்பன் எழுந்தார். கும்பிட்டார். மேஜைமேல் இருந்த பக்கோடாத் தட்டைத் தலைவர் பக்கம் நகர்த்தி வைத்தார். மூச்சு வாங்க வெளியே போனார்.

டக்.

உள்ளே முதலில் சிரிப்புதான் கேட்டது. யாரோ கதவை இழுத்துப் பார்த்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

கதவை முதலில் அடித்தவர் முதலாளிகள் சங்கத்துக்காரர்.

"யோவ், திறய்யா! எனக்கு வெளிய ஆயிரம் வேலை கிடக்கு! யாரைக் கேட்டு என்னைப் பூட்டினே?"

சடையப்பன் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பூங்கொடியை நினைத்துக்கொண்டார். கையை எடுக்கவில்லை.

தலைவரின் குரல் கதவுக்குப் பக்கத்தில் கேட்டது.

"சடையப்பன்."

"ஐயா."

"எடுக்கச் சொன்னோமே, அந்த வரி. அதைப் படிங்க."

"திறந்துட்டுப் படிக்கட்டுமா ஐயா?"

"வேண்டாம். படிச்சிட்டுத் திறங்க."