ஆயிரம் முறை வளையும் கோடு

மின்சாரம் கடத்தும் பாலிமர் மையால் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் கோடு போடுவது ஞானசிகாமணியின் ஆராய்ச்சி. தாளை வளைத்தாலும் கோடு அறக் கூடாது.

ஆயிரம் முறை வளைத்தும் அறாத கோட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர் பேராசிரியை ஹெலன் ரூபவதி. அதைப் படித்துவிட்டுத்தான் ஞானசிகாமணி பாலிடெக்னிக் வேலையை விட்டார். நாற்பத்திரண்டு வயதில், தன்னைவிட ஐந்து வயது இளையவரான ஹெலனிடம் மாணவராகச் சேர்ந்தார்.

ஆறு வருடம் ஓடியது. மகள் படிப்பு முடித்து வேலைக்கும் போய்விட்டாள். அப்பா இன்னும் மாணவர்தான்.

கட்டுரையில் சொன்னபடியே மை கலக்கினார். அதே சூட்டில் உலர்த்தினார். எந்தக் கோடும் நான்கு முறைக்கு மேல் தாங்கவில்லை. கை நடுக்கம்தான் காரணம் என்று நினைத்து டீயைக்கூட விட்டுவிட்டார்.

ஆராய்ச்சியை முடிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த கடைசிக் கெடுவும் முடிந்த அன்று ஹெலனின் அறைக்குப் போனார்.

"மேடம், எங்கிட்ட என்ன குறை? மறைக்காம சொல்லுங்க."

ஹெலன் எழுந்து பீரோவைத் திறந்தார். ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து சிறிய தாள் ஒன்றை எடுத்து, இரு முனையிலும் கம்பியைப் பொருத்தினார். கம்பியோடு இணைந்த சின்ன விளக்கு எரிந்தது.

"கட்டுரையில படம் போட்டது இதைத்தான். வளைச்சுப் பாருங்க சார்."

"இதையா? வேண்டாம் மேடம்."

"வளைங்க."

ஞானசிகாமணி இரண்டு கையாலும் அதை வாங்கி மெல்ல வளைத்தார். விளக்கு அணைந்தது. நிமிர்த்தினார். எரியவில்லை.

"ஐயோ, நான்..."

"உங்க தப்பில்ல. படம் எடுக்க ஒரு தடவை வளைச்சோம். இது ரெண்டாவது."

"ஆயிரம்னு எழுதியிருந்தீங்களே?"

"எழுதினேன்."

ஞானசிகாமணி தாளை மேஜைமேல் வைத்தார்.

"ஆறு வருஷம் மேடம். ஒரு நாள்கூடச் சொல்லணும்னு தோணலையா?"

ஹெலன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆயிரம் தடவை தாங்குற கோடு உங்க கையில வந்துட்டா, நான் எழுதினது பொய்யில்லைன்னு ஆயிடும் சார். தினமும் காலையில உங்க மேஜைக்கு வந்து, 'இன்னைக்கு வந்துச்சா'ன்னு வேற எதுக்குக் கேட்டேன்?"