ஒன்றரை உழக்கு அரிசி

குருவுக்கு வயது நாற்பத்தொன்பது. சீடருக்கு அறுபத்துநாலு. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த ஊர் கோர்ட்டில் கிடையாது.

மரகதவல்லி கொலை வழக்குகளில் பேர் வாங்கிய வக்கீல். சங்கிலிமுத்து இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, அதற்கப்புறம் சட்டம் படித்து, அந்த அம்மாளிடம் ஜூனியராகச் சேர்ந்தவர். காக்கியை அவர் விட்டாலும் அது அவரை விடவில்லை. கறுப்புக் கோட்டோடு நின்றாலும் எதிரே வருகிறவனை ஏற இறங்கத்தான் பார்ப்பார். சட்டத்தில் நம்பர் எல்லாம் மாறிப்போன பிறகும் கொலை என்றால் அவர் வாயில் முந்நூத்திரெண்டுதான்.

அன்றைக்குச் சந்தனமாரியின் வழக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மேடம், இதுல நாம செய்ய ஒண்ணுமில்ல. அந்தப் பொம்பளையே ஒத்துக்கிடுறா. நாளைக்கு ஜட்ஜ் கேட்டா ஆமான்னுதான் சொல்லுவேன்னு நிக்கிறா."

சந்தனமாரியின் புருஷன் வேலாண்டி குடிகாரன். ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வந்து, ஒன்பதாவது படிக்கிற மகளின் சடையைப் பிடித்து இழுத்தான். அடுப்படியில் நின்ற சந்தனமாரி ஓடி வந்து அவனைப் பிடித்துத் தள்ளினாள். ஆட்டுக்கல்லில் மண்டை மோதி விழுந்தவன் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே போய்விட்டான். ஏழு வருஷமாக அவள் மாரியம்மன் கோயிலில் அவனைச் சபித்து அழுததைத் தெருவே கேட்டிருந்தது. நாலு பேர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள்.

கொலை என்று ஆனால் ஆயுள் தண்டனை. கொல்லும் எண்ணம் இல்லாமல் உயிர் போயிருந்தால் அது வேறு குற்றம்; நாலைந்து வருஷத்தில் மகளிடம் வந்துவிடலாம். அந்தப் பிள்ளை இப்போது சித்தி வீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்ககிட்ட என்ன சொன்னா?" என்றாள் மரகதவல்லி.

"கொல்லணும்னுதான் நினைச்சேன்னு சொல்றா. அவ மனசு அவளுக்குத்தானே தெரியும்? அவளே சொன்னதுக்கு அப்புறம் எண்ணம் இல்லேன்னு நாம எப்படிச் சொல்றது?"

மரகதவல்லி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். சங்கிலிமுத்து பின்னாலேயே போனார்.

பெண்கள் சிறையில் சந்தனமாரி தலைகுனிந்து வந்து உட்கார்ந்தாள். முகத்தில் அழுகை வற்றிப் போயிருந்தது.

"என்னைக் காப்பாத்த வேண்டாம்மா," என்றாள் எடுத்த எடுப்பில். "அவரு சாகணும்னுதான் நினைச்சேன். நினைச்சது நடந்துருச்சு. தண்டனைய வாங்கிக்கிடுறேன்."

மரகதவல்லி திரும்பிச் சங்கிலிமுத்துவைப் பார்த்தாள்.

"முந்தாநாளும் இதேதான் சொன்னாளா?"

"ஆமா மேடம்."

"சாகணும்னா?"

"சாகணும், கொல்லணும்... ரெண்டும் ஒண்ணுதானே மேடம்."

மரகதவல்லி மறுபடியும் சந்தனமாரி பக்கம் திரும்பினாள். வழக்கைப் பற்றிக் கேட்பாள் என்று சங்கிலிமுத்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, அன்னிக்கு உலையில எவ்வளவு அரிசி போட்டே?"

சங்கிலிமுத்துவுக்குச் சுள்ளென்று வந்தது. நாளைக்குக் காலையில் ஒரு பொம்பளையின் தலையெழுத்து முடிவாகப் போகிறது, இந்தம்மா சமையல் கதை பேசுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

சந்தனமாரியும் விழித்தாள். "எப்பவும் போடுறதுதான். ஒன்றரை உழக்கு."

"நீயும் உன் மகளும் சாப்பிட அவ்வளவு வேணுமா?"

"எங்க ரெண்டு பேருக்கு என்னத்துக்கு அவ்வளவு? முக்கா உழக்கே மிஞ்சும்."

"அப்ப மிச்சம் யாருக்கு?"

"அவருக்குத்தான். குடிச்சிட்டு வந்தார்னா வட்டில் நிறையச் சோறு வேணும். இல்லேன்னா அதுக்கும் அடிப்பாரு."

"அவரு விழுந்தப்ப உலை எப்படி இருந்துச்சு?"

"கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. வடிக்கிற பக்குவம் வந்துட்டுது, அதுக்குள்ளதான்..."

சந்தனமாரியின் பேச்சு பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அவருக்கும் சேர்த்துத்தான்மா போட்டிருக்கேன்," என்றாள். அப்புறம் அழுதாள். புருஷன் செத்து இத்தனை நாளில் அவள் அவனுக்காக அழுதது அப்போதுதான். சங்கிலிமுத்து எத்தனையோ கைதிகள் அழுவதைப் பார்த்தவர். ஆனாலும் அங்கே இருக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

சந்தனமாரி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளுனது நான்தான்யா. கொல்லணும்னு தள்ளல."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். மறுக்கிறார் என்று எழுதிக்கொண்டு விசாரணைக்குத் தேதி போட்டார்.

வெளியே வேப்ப மரத்தடியில் மரகதவல்லி டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். சங்கிலிமுத்து தன் டீயை ஆறவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவருக்கு ராத்திரி பூரா தூக்கமில்லை. அந்தப் பெண் ஆமாம் என்று சொல்லாததில் மனசுக்குள் சந்தோஷம்தான். இருந்தாலும் அவருக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"அரிசி போட்டப்போ அவளுக்குக் கொல்ற எண்ணமில்ல. அதை ஒத்துக்கிடுறேன். ஆனா எண்ணம் வாரதுக்கு நாள் கணக்கா வேணும்? மகள அவன் இழுக்கும்போது, தள்ளுன அந்த நொடியில வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம்," என்றாள் மரகதவல்லி.

சங்கிலிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப என்ன மேடம் செய்யிறது?"

மரகதவல்லி டம்ளரைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"அந்த ஒரு நொடிக்கு அவ கோர்ட்ல பதில் சொல்லட்டும் சார். மத்த ஏழு வருஷத்தை அவளும் மாரியாத்தாளும் பேசிக்கிடட்டும்."