நானூற்றுப் பன்னிரண்டு பட்டுப்புடவைகள்

“சட்டம் என்ன சொல்லுது மேடம்? இணையதளத்துல படம் போட்டா, கண்ணு தெரியாதவங்க காதால கேக்குற மாதிரி விவரமும் எழுதணும். எழுதியாச்சு. நானூத்திப் பன்னிரண்டு படத்துக்கும் எழுதியாச்சு. அப்புறமும் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்களே!”

கத்தியவர் செண்பகராமன். ஐம்பத்திரண்டு வயசு. திருநெல்வேலியில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு ஜவுளிக்கடைக்கு இணையதளம் செய்கிறார்.

அந்தத் தளத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டியவள் கோமதி. இருபத்தெட்டு வயசு. ஒன்பது வயசில் பார்வை போனது. இந்தத் தொழிலை அவளிடம்தான் கற்றுக்கொள்கிறார் மனுஷன். கோபம் மட்டும் வாத்தியாருக்கு மேலே!

கோமதி கணினித் திரையை அணைத்தாள். ஹெட்போனை அவர் கையில் கொடுத்தாள்.

“தை பிறந்தா எனக்குக் கல்யாணம் அண்ணாச்சி. கூறைப்புடவை ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

மாட்டிக்கொண்டு பொத்தானைத் தட்டினார். குரல் வாசித்தது.

‘பட்டுப்புடவை.’

தட்டினார்.

‘பட்டுப்புடவை.’

இன்னும் தட்டினார். அதே குரல், அதே பேச்சு.

“எதை எடுக்க?” என்றாள் கோமதி.

அவர் கை தன்னால் திரையின் சுவிட்சுக்குப் போனது. அவள் கை அங்கே முன்பே இருந்தது.

“எனக்கு இந்த சுவிட்ச் கிடையாதே.”

“வீட்டுல யாராவது பார்த்து...”

“மாப்பிள்ளையை அவங்க பார்த்தாங்க. மண்டபத்தை அவங்க பார்த்தாங்க. புடவையையாவது நான் எடுக்கக் கூடாதா அண்ணாச்சி?”

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அவருக்கு அவமானமாக இருந்தது.

நாலாம் நாள் முகமெல்லாம் சிரிப்போடு வந்தார். புதிதாக எழுதியதைக் கோமதி ஹெட்போனில் கேட்டாள்.

‘மங்கலம் பொங்கும் எழில்மிகு தெய்வீகப் பட்டு.’

‘மணமகள் மனம் கவரும் பேரெழில் பட்டு.’

“பத்திரிகை நல்லாருக்கு. புடவை எங்கே?”

பாவம், எழுந்து போனார்.

நேரே கடைக்குப் போனார். ஒவ்வொரு புடவையாக விரிக்கச் சொன்னார், விரலால் கரையை அளந்தார், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், நோட்டில் எழுதினார்.

“அண்ணாச்சி, வீட்டுல எத்தனை கல்யாணம்?” என்று கடைப் பெண்கள் கேலி செய்தார்கள்.

பதினேழு நாள் ஆனது.

கோமதி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

‘அரக்குச் சிவப்பு. உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கரை. உடல் முழுக்க மிளகளவு சரிகைப் பொட்டு. முந்தியில் எதிரெதிரே இரண்டு மயில். இடது மயிலுக்குக் கொண்டை கொஞ்சம் கோணல்.’

கோணல் கொண்டைக்குச் சிரித்துவிட்டாள். மேலே போனாள். நாற்பது, ஐம்பது புடவை கேட்டிருப்பாள். திரும்பி அதற்கே வந்து மறுபடி கேட்டாள்.

ஒரு பொத்தானைத் தட்டினாள்.

“சட்டத்துக்கு இது போதுமா மேடம்?” என்றார் மெதுவாக.

“சட்டம் கிடக்கட்டும் அண்ணாச்சி, மயில் புடவையை நான் வாங்கியாச்சு. ரவிக்கைத் துணி சேர்ந்து வருமான்னு எழுதலியே! தையக்காரிக்கு என்ன பதில் சொல்ல?”