ஒரு கிரெடிட் நீச்சல்

கடலோர ஊர் ஒன்றில் மீன்வளம் கற்பிக்கும் கல்லூரி இருந்தது. அங்கே சேருகிற எல்லோரும் முதலாம் ஆண்டிலேயே நீச்சல் பழக வேண்டும். அது விளையாட்டு அல்ல, பாடம். பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய கிரெடிட்டுகளில் ஒன்று அதற்கு உண்டு. அந்த ஒரு கிரெடிட்டை வாங்காதவர் மறு ஆண்டு கல்லூரிப் படகில் ஏறிக் கடலுக்குப் போக முடியாது.

நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் வடிவம்மை. ஐம்பதைத் தாண்டியவள். பெண் காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் வெகுகாலம் இருந்துவிட்டு இந்தக் கல்லூரிக்கு வந்தவள். அவள் விசிலை வாயில் வைத்தால் கல்லூரி நீச்சல் குளத்துத் தண்ணீரே விறைத்து நிற்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

பாடங்களையும் கிரெடிட்டுகளையும் கவனித்துக்கொண்டவர் டீன் ரெஜினா பர்னாந்து. வடிவம்மையைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வடிவம்மை அவரைத்தான் தன் குருவாக வைத்திருந்தாள்.

"குளத்துக்கு வெளிய எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நீங்கதான் சொல்லித் தரணும்" என்பாள்.

வேலைக்கு வந்த முதல் வாரமே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மேடம், வகுப்புல உக்காந்து வாரம் ஒரு மணி நேரம் பாடம் கேட்டா ஒரு கிரெடிட்டு. என் குளத்துல வாரம் ரெண்டு மணி நேரம் கிடந்தாலும் அதே ஒரு கிரெடிட்டு. இது என்ன நியாயம்?"

டீன் சிரித்தார்.

"பாடம் கேட்டவன் வீட்டுக்குப் போயி அதோட இன்னொரு மணி நேரம் மல்லுக்கட்டணும்னு கணக்கு, அக்கா. உங்க தண்ணிய யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதே."

வடிவம்மைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அன்றுமுதல் அவள் மணி நேரத்தை நம்பினாள். வந்தவன் வந்தவன்தான், வராதவன் வராதவன்தான். காவலர் பயிற்சியிலும் அவள் அப்படித்தான் இருந்தாள்.

பருவம் முடிந்தது. நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேருக்குச் சிக்கல் இல்லை. மீதி இரண்டு பேரிடம்தான் சிக்கல் வந்து நின்றது.

ஒருவன் ஆக்னல். மீனவக் குடும்பம். தொடக்கத்தில் இரண்டு வகுப்புக்கு வந்தான். சின்னப் பிள்ளைகள்போல எல்லோரும் கரையைப் பிடித்துக் காலடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் வரவேயில்லை.

இன்னொருத்தி முத்துக்காமாட்சி. விளாத்திகுளத்துக்கு அப்பால் கரிசல்காட்டு ஊர். ஒரு வகுப்புக்கூடத் தவறாதவள். முதலில் இறங்குவாள், கடைசியில் ஏறுவாள். ஆனால் குளத்தின் ஓரக் கம்பியை அவள் கை விட்டதே இல்லை.

வடிவம்மை டீனின் அறைக்குப் போனாள். முடிவு செய்துகொண்டுதான் போனாள்.

"மேடம், ஆக்னலுக்குக் கிரெடிட் கிடையாது. முத்துக்காமாட்சிக்கு உண்டு."

"ஆக்னலுக்கு நீந்தத் தெரியாதா?"

"அது தெரியும். வகுப்புக்கு வரல. அவ்வளவு திமிரு."

"கூப்பிடுங்க அவன."

ஆக்னல் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீச்சல் எங்க படிச்ச?" டீன் கேட்டார்.

"படிக்கல மேடம். அஞ்சு வயசுல எங்க பெரியப்பா வள்ளத்துலேருந்து தூக்கிப் போட்டாரு."

"அன்னைக்கே வந்துருச்சா?"

"எங்க வந்துச்சு! மூக்கு, வாயி எல்லாம் தண்ணி. ஓன்னு அழுதேன். மறுநாளும் போட்டாரு."

"போட்டுட்டு வேடிக்கை பாப்பாரா?"

"இல்ல மேடம், கூடவே அவரும் குதிப்பாரு. வயித்துக்குக் கீழ கைய வச்சுக்கிட்டே வருவாரு. ரொம்ப நாளு. அந்தக் கை எப்ப போச்சுன்னு எனக்குத் தெரியாது."

டீன் வடிவம்மையின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நாளைக்கு இவனுக்குப் பரீட்சை வையுங்க. இதுவரைக்கும் யாருக்கும் வைக்காத பரீட்சையா வையுங்க."

வடிவம்மை வைத்தாள். சட்டை பேண்டோடு நீந்தச் சொன்னாள். ஆழத்தில் கிடந்த செங்கல்லை எடுத்துவரச் சொன்னாள். கடைசியில் தானே குதித்து, முங்குகிறவள்போல அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காவலர் பயிற்சியில் பலபேர் திணறிய இடம் அது. ஆக்னல் மூச்சை அடக்கிக் கீழே நழுவினான். அவள் பிடி தளர்ந்ததும் பின்னால் வந்து, மோவாயைத் தாங்கி, கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

அவள் ஈரம் சொட்டச் சொட்ட டீனிடம் போய்ச் சொன்னாள்.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல மேடம்."

"அப்ப கிரெடிட் கொடுத்துருங்க."

"வகுப்புக்கே வராதவனுக்கா?"

"வந்திருக்கான் அக்கா. நம்ம வகுப்புக்கு இல்ல."

"சட்டம் ஒத்துக்கிடுமா?"

"வேற இடத்துல கத்துக்கிட்டத பரீட்சை வச்சு ஏத்துக்கலாம்னு நம்ம விதியிலயே இருக்கு. கேக்கறவங்கதான் இல்ல."

வடிவம்மைக்கு மனம் சரியாகவில்லை. ஆனாலும் குரு சொல்லிவிட்டார். தலையாட்டினாள்.

"சரி மேடம். அப்ப முத்துக்காமாட்சிக்கும் கொடுத்துருதேன்."

"நீந்துவாளா?"

"காலு நல்லா அடிப்பா. கம்பியப் பிடிச்சுக்கிட்டு."

"கம்பிய விட்டா?"

வடிவம்மை விசில் கயிற்றை விரலில் சுற்றினாள்.

"அடுத்த வருஷம் அவள நம்பிப் படகுல ஏத்துவீங்களா?"

"மேடம், அவ நல்ல பிள்ள. காய்ச்சலோட வந்து நின்னவ. பருவம் பூராவும் தண்ணியில கிடந்திருக்கா. கிரெடிட்டுன்னா மணி நேரந்தானே? நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? இப்ப மணி நேரமா, நீச்சலா, எதுன்னு நீங்களே சொல்லுங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டீன் அதைப் பொருட்படுத்தவில்லை. சன்னல் வழியே குளத்தைப் பார்த்தார்.

"அக்கா, நாளைக் காலையில எனக்கு ஒரு மணி நேரம் கொடுக்க முடியுமா?"

"எங்க மேடம்?"

"குளத்துல."

மேற்பார்வைக்கு வருகிறார் என்று வடிவம்மை நினைத்துக்கொண்டாள். விடிந்ததும் போய் இலை சருகெல்லாம் அரித்து எடுத்து, படிக்கட்டைத் தேய்த்துக் கழுவி வைத்தாள்.

டீன் தொளதொளவென்று ஒரு குர்த்தாவும் டிராக் பேண்டும் போட்டுக்கொண்டு வந்தார். கொண்டையை இறுக்கிக் கட்டியிருந்தார். படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். உடனே மேலே எடுத்துக்கொண்டார்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

வடிவம்மை திகைத்தாள்.

"மேடம், நீங்க தூத்துக்குடிதானே?"

"தூத்துக்குடிதான். எங்க வீட்டுல ஆம்பளைங்க எல்லாம் கடலுக்குப் போனாங்க. பொம்பளப் பிள்ளைங்க கரையில நின்னு மீன எண்ணினோம். இதுவரைக்கும் முழங்காலுக்கு மேல நனைஞ்சதில்ல."

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

வடிவம்மை விசிலைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு இறங்கினாள். கையை நீட்டினாள். டீன் அந்தக் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

முதலில் நடக்க மட்டும் வைத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நெஞ்சளவுத் தண்ணீரில், கை கோத்துக்கொண்டு. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மூச்சு எங்கே நின்றுபோகிறது என்று பார்த்தாள். டீன் தோளைக் காதுவரை தூக்கிவைத்திருப்பதைப் பார்த்தாள். "தோளக் கீழ விடுங்க, அது எங்கயும் ஓடிராது" என்றாள். டீன் சிரித்தார். சிரித்ததில் தோள் தானாக இறங்கியது.

பிறகு முகத்தை நனைக்கச் சொன்னாள். பிறகு முக்கச் சொன்னாள். டீன் புரையேறி இருமியபோது முதுகைத் தடவிவிட்டாள். அடுத்த முறை தானும் சேர்ந்தே முங்கி, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"இப்ப மல்லாந்து படுங்க. என் கை அடியில இருக்கு."

"எடுத்துற மாட்டீங்களே?"

"சொல்லாம எடுக்க மாட்டேன்."

டீன் படுத்தார். இடுப்பு அமிழ்ந்தது. வடிவம்மையின் உள்ளங்கை அதைத் தாங்கியது. கழுத்து விறைத்தது. மற்றக் கை கழுத்துக்கு வந்தது. வடிவம்மைக்கு நேரம் போனதே தெரியவில்லை. அவள் கைக்கு மட்டும் ஒவ்வொன்றும் தெரிந்தது, எந்தத் தசை இன்னும் பயப்படுகிறது, எது அடங்கிவிட்டது என்று. கடைசியில் அந்த உடம்பு ஓலைபோல லேசானது.

"மேடம், எடுக்கப் போறேன்."

"ம்."

எடுத்தாள். டீன் மிதந்தார். கண்ணை மூடிக்கொண்டு, வானத்துக்கு முகம் காட்டி, மூச்சு ஏறவும் இறங்கவுமாக மிதந்தார்.

படியேறித் தலையைத் துவட்டும்போது வடிவம்மைக்குப் பெருமை பிடிபடவில்லை.

"முத நாளே மிதந்துட்டீங்க மேடம். எத்தனையோ பேர பாத்திருக்கேன், இப்படி அமையறது லேசு இல்ல."

"நல்ல வாத்தியார்" என்றார் டீன். துண்டை மடித்தார். "முத்துக்காமாட்சி முத நாள் என்ன செஞ்சா, அக்கா?"

வடிவம்மை வாயைத் திறந்தாள்.

யோசித்தாள். நீலத் தொப்பி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. கம்பியைப் பிடித்த இரண்டு கைகள் வந்தன. முகம் வரவில்லை.

"நாப்பது பிள்ளைங்க மேடம்" என்றாள் மெதுவாக.

"ஆமா. அது என் தப்பு. அடுத்த பருவத்துல ரெண்டு பிரிவாக்கித் தாரேன்" என்றார் டீன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வடிவம்மை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நன்றாக நீந்துகிறவர்களின் பக்கத்திலேயே பருவம் முழுக்க நின்றிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர்களைப் பார்ப்பது சந்தோஷமாக இருந்தது. கம்பிப் பக்கத்தில் சத்தமில்லை. சத்தமில்லாத பக்கம் ஒழுங்காக நடக்கிறது என்று இருந்துவிட்டாள்.

எழுந்து பெண்கள் விடுதிக்குப் போனாள். முத்துக்காமாட்சி ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வடிவம்மையைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நான் பெயிலுதான கோச்?"

"நாளைக்குக் காலையில குளத்துக்கு வா."

"பருவம் முடிஞ்சிருச்சே."

"வான்னா வா, தாயி."

மறுநாள் அவள் வந்தாள். பழக்கத்தில் நேராகக் கம்பியிடம் போனாள். வடிவம்மை அவளுக்கும் கம்பிக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள்.

"உனக்கு எதக் கண்டு பயம்?"

இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"முங்கறதுக்குப் பயம் இல்ல கோச். காதுல தண்ணி போனா சத்தம் எல்லாம் நின்னு போகுது. உங்க விசில் கேக்கல. நான் கூப்பிட்டாலும் யாருக்கும் கேக்காதுன்னு தோணுது."

வடிவம்மை அவள் முதுகில் கையை வைத்து, விரலால் மெல்லத் தட்டினாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"தட்டிக்கிட்டே இருப்பேன். கேக்க வேண்டாம், தெரிஞ்சா போதும்."

விடுமுறையில் குளம் காலியாகக் கிடந்தது. காலைதோறும் இருவர் மட்டும் இறங்கினார்கள். முதலில் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் முத்துக்காமாட்சி கோபித்துக்கொண்டு ஏறிப்போனாள். "என்னால ஆகாது, நீங்க வேற பிள்ளைங்களப் பாருங்க" என்றாள். வடிவம்மை தண்ணீரிலேயே நின்றாள். அவள் திரும்பி வரும்வரை நின்றாள்.

பிறகு ஒருநாள் மிதந்தாள். பிறகு முகத்தை முக்கிக்கொண்டு நாலு வீச்சுப் போனாள். தட்டுவது எப்போது நின்றது என்று அவள் கேட்கவில்லை. வடிவம்மையும் சொல்லவில்லை.

கல்லூரி திறப்பதற்கு முன்பாக, முத்துக்காமாட்சி குளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனாள். போய்ச் சுவரைத் தொட்டாள். நிற்காமல் திரும்பினாள். நடுவில் மூச்சு வாங்கியபோது மல்லாந்து மிதந்து, இளைப்பாறி, மறுபடி புரண்டு வந்து சேர்ந்தாள். கரையேறி உட்கார்ந்து, காதில் போன தண்ணீரைத் தலைசாய்த்துத் தட்டிவிட்டுக்கொண்டு, "கோச், இன்னொரு தடவ போகட்டா?" என்று கேட்டாள்.

வடிவம்மை ஈரத்தோடு டீனின் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மேடம், முத்துக்காமாட்சி கடந்துட்டா. போகவும் வரவும். பரீட்சை வச்சுட்டேன். அவள நம்பிப் படகுல ஏத்துவேன். என்னையும் கூட்டிட்டுப் போன்னு அவகிட்டயே சொல்லுவேன்."

"சந்தோஷம் அக்கா. கிரெடிட் போட்டுருங்க."

வடிவம்மை தயங்கினாள்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். அவ பேரு இருந்தது போன பருவத்துல. படிச்சது விடுமுறையில. கிரெடிட்ட எந்தப் பருவத்துல போட?"

டீன் நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்கு நெசமாவே வகுப்பு என்னைக்கு ஆரம்பிச்சதோ, அதுலேருந்து போடுங்க."